கட்டத்துக்கு வெளியே இருந்த பாதி

ஜூன் 3, திங்கள்

வந்த முதல் நாளே குமட்டுகிறது. ஹாஸ்டல் சாம்பாரில் ஒரு கரப்பான் கால் மிதந்தது. காலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். மிச்ச உடம்பு எங்கே போயிருக்கும் என்று யோசித்ததும் தட்டோடு எழுந்துவிட்டேன். வார்டன் என்னைப் பார்த்த பார்வையில், விருதுநகரில் கரப்பானே கிடையாதா என்ற கேள்வி இருந்தது.

என்னைத் திருப்பூருக்கு வரவழைத்த கம்பெனி உள்ளாடை தைக்கிறது. ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும். அவர்களுடைய டேட்டாபேஸில் சரக்குகளின் படம் சரியாகத் தெரியவில்லை. ஃபார்மிலும் தெரியவில்லை, அச்சடிக்கும் ரிப்போர்ட்டிலும் தெரியவில்லை. அதைச் சரிசெய்து கொடுப்பதுதான் வேலை. எளிய வேலை.

முதலாளி சென்னியப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை, பேச்சில் அப்படி ஒரு மரியாதை. ஆனால் தான் விற்கும் சரக்கின் பெயரைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

“போன மாசம் ஹாலந்துக்குப் போன சரக்குல தப்பு நடந்துபோச்சுங்க மேடம். ஒரு ஐட்டம் போக வேண்டிய பொட்டியில இன்னொரு ஐட்டம் போயிருச்சு.”

“என்ன ஐட்டம் சார்?”

அவர் காலண்டரைப் பார்த்தார். “அதுதானுங்க, லேடீஸ் ஐட்டம். கைக்குழந்தைக்காரங்க போடறது.”

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கான பாடி என்று நான் சொன்னேன். அறையில் இருந்த மூன்று ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். லட்சக்கணக்கில் தைத்து உலகம் பூராவும் அனுப்புகிறார்கள். வாயால் சொன்னால் மட்டும் தீட்டு.

பேக்கிங்கில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள். அவர்கள் தமிழும் படிப்பதில்லை, இங்கிலீஷும் படிப்பதில்லை. மேசைக்கு ஒரு லிஸ்ட் அச்சடித்து வைப்பார்கள். அதிலுள்ள படத்தைப் பார்த்துத்தான் எந்தப் பெட்டியில் எது என்று அடுக்குகிறார்கள். படம் தெரியாவிட்டால் தப்பு நடக்காமல் என்ன செய்யும்? ஆனால் பழி முழுக்க பேக்கிங் சூப்பர்வைசர் துளசிமணி என்பவர் மேல். “இன்னொரு புகார் வந்துதுன்னா அந்தம்மாவை அனுப்பிப்போடுவேனுங்க” என்று சென்னியப்பன் மரியாதையாகச் சொன்னார்.

ஜூன் 4, செவ்வாய்

நோய் என்னவென்று கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஃபார்மில் படத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குள் படம் எப்படி உட்கார வேண்டும் என்று மூன்று விதமாகச் சொல்லலாம். இழுத்து நிரப்பு என்றால் ஒல்லியான ஆள் குண்டாகிவிடுவான். அடக்கிக் காட்டு என்றால் முழுப்படமும் அளவு கெடாமல் சிறிதாகி உள்ளே வந்துவிடும். வெட்டிக் காட்டு என்றால் படத்தின் நடுத்துண்டு மட்டும் கட்டத்தில் தெரியும். மிச்சம் படத்திலேயே இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த மகான் எல்லாவற்றுக்கும் வெட்டிக் காட்டு என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால் பனியன் படம் எதைத் திறந்தாலும் நடுவில் ஒரு வெள்ளைத் துணி. அடுத்ததும் வெள்ளைத் துணி. பால் கொடுக்கும் பாடிக்கும் சாதாரண பாடிக்கும் வித்தியாசம் தோள்பட்டி சேரும் இடத்தில் இருக்கும் சின்னக் கொக்கிதான். அந்தக் கொக்கி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஒடிசாப் பெண்கள் என்ன ஜோசியமா பார்ப்பார்கள்?

மெர்ச்சண்டைசர் மகுடபதி பக்கத்தில் நின்று காட்டினார். வெளிநாட்டு ஆர்டர்களைப் பேசி முடிப்பவர், முதலாளியின் மச்சான். சென்ட் வாசனை மூன்று மேசை தாண்டி வருகிறது. லேடீஸ் படங்கள் வரும்போது மட்டும் சட்டென்று தாண்டிவிட்டார். ஒரு வயிறு, ஒரு லேஸ், அடுத்த வயிறு. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் உள்ளதெல்லாம் மேசையில் விரித்து எடுத்த படம். பெண்களுடையது மட்டும் உடம்பில் போட்டு எடுத்தது.

“பழகிப் பாக்கறதுக்கு உங்களுக்கு டேட்டாபேஸ்ல ஒரு காப்பி எடுத்துக் குடுத்தர்றனுங்க மேடம். ஜென்ட்ஸும் குழந்தைகளும் மட்டும். லேடீஸ் வேண்டாமுங்க, உங்களுக்கும் சங்கடம்.”

முழுசாகக் கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடிப் படங்களைப் புரட்டுவதைவிட இது மேல். சரி, மூன்று வகைக்கும் ஒரே ஃபார்ம்தானே.

ஜூன் 6, வியாழன்

துளசிமணியைப் பார்த்தேன். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துணி கட்டி, நூறு பேருக்கு நடுவில் ஒருவராக நிற்கிறார். ஆனால் அவர் மேசையில் ஒரு பெட்டிகூட அவர் பார்க்காமல் மூடப்படுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே எந்த ஸ்டைல் என்று சொல்லிவிடுவாராம். மற்றவர்களின் மேசைகளுக்கும் அவரே ஓட முடியுமா?

மதியம் தன் டப்பாவிலிருந்து அரிசிம்பருப்புச் சாதம் வைத்தார். இந்த ஊரில் நான் அருவருப்பில்லாமல் விழுங்கிய முதல் கவளம்.

“படம் இனி முழுசாவே வருமுங்களா மேடம்?”

“மேலேயிருந்து கீழ வரைக்கும் வரும். உங்களுக்கு இனிக் கவலையில்ல.”

டப்பாவின் ஓரத்தை வழித்தார். “லேடீஸ் ஐட்டமுங்களா?”

“எல்லாமேதான்.”

“அது மட்டும் இருந்தாப்பலயே இருந்துட்டுப் போகட்டுமுங்களே. நான் பாத்து அடுக்க வெச்சுக்கறேன்.”

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இந்தப் படம் தெரியாததால்தான் இவருடைய வேலைக்கே உலை வைக்கிறார்கள். இவரே வேண்டாம் என்கிறார்! முதலாளிக்குத் தொற்றிய வெட்கம் கூடம் வரைக்கும் பரவியிருக்கிறது போல. உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். ஹாஸ்டல் மொட்டை மாடியில் நாற்பது பெண்களின் துணி காய்கிறது. உள்ளாடை ஒன்றுகூடக் கண்ணில் படாது. எல்லாம் துண்டுக்கு அடியிலும் பாவாடைக்கு அடியிலும் ஒளிந்துகொண்டு, வெயில் படாமல், ஈர வாடையோடு. இதில் முக்கால்வாசிப் பேர் பகல் முழுக்க அதைத் தைக்கிறவர்கள். பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

என்னுடையதையும் துண்டுக்கு அடியில்தான் போட்டேன். வேறு எங்கே போடுவது.

ஜூன் 10, திங்கள்

துளசிமணி மறுபடியும் வந்தார். வேலை எப்போது முடியும் என்று கேட்டார். நாளை என்றேன். பழைய மாதிரியே வைக்க ஒரு வழியும் இல்லையா என்றார். “நீங்க பயப்படற அளவுக்கு அதுல ஒண்ணுமில்லம்மா” என்றேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகுடபதி வந்துவிட்டார். அந்தம்மா போய்விட்டார்.

புது மாற்றம் என்றால் இவர்களுக்கு எப்போதும் பயம்தான்.

ஜூன் 11, செவ்வாய்

ஃபார்ம், ரிப்போர்ட் இரண்டையும் அடக்கிக் காட்டு என்று மாற்றிவிட்டேன். கட்டத்தையும் பெரிதாக்கினேன். பனியன் பனியன் போலவும் ஜட்டி ஜட்டி போலவும் தெரிகிறது. சாயங்காலம் கம்பெனியின் மெயின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வந்தேன். நாளைக் காலை லிஸ்ட் புது ரிப்போர்ட்டில்தான் அச்சாகும்.

கொசுவர்த்தி வாங்கினேன். புகையில் எனக்குத்தான் மூச்சு முட்டியது, கொசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 12, புதன்

எழுதக் கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

நான் கம்பெனிக்குள் நுழையும்போது லிஸ்ட் எல்லாம் மேசைகளுக்குப் போயிருந்தது. பேக்கிங் கூடத்தில் எப்போதும் இரைச்சல் இருக்கும். இன்று ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கட்டிங் செக்ஷன் ஆண்கள் ஐந்தாறு பேர் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

முதல் மேசையில் இருந்த தாளை எடுத்தேன். பால் கொடுக்கும் பாடி. கொக்கி அழகாகத் தெரிந்தது. பச்சைச் சுவரை ஒட்டி ஒரு பெண் நின்றிருந்தாள். வயிறு, மார்பு, தோள், கழுத்து. கழுத்துக்கு மேல் முகம். கொஞ்சம் இளமையான முகம். போதுமா என்று யாரையோ கேட்பதுபோல ஓரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம்.

துளசிமணி.

அடுத்த தாளிலும் அவர். அடுத்ததிலும். லேடீஸ் ஐட்டம் ஒன்று விடாமல் அவர். இத்தனை நாளும் முகம் அந்தப் படத்திலேயே இருந்திருக்கிறது. யாரும் அதை வெட்டி எறியவில்லை. கட்டம் சின்னதாக இருந்ததால் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் கட்டத்தைத் திறந்துவிட்டேன்.

அவர் கடைசி மேசையில் நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். முன்னால் தாள் குப்புறக் கிடந்தது. கை நிற்கவே இல்லை. மடித்தார், கவரில் போட்டார், அடுக்கினார். அந்தப் பெட்டி நிறைந்ததும் டேப் ஒட்டினார். தலைத்துணியை அவிழ்த்து உதறினார். பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அந்த ஆண்கள் வழிவிட்டார்கள். என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஓடி ஓடித் தாள்களைப் பொறுக்கினேன். ஒடிசாப் பெண்கள் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். ஒருத்தி மேசையில் இருந்ததை முந்தியே கிழித்துத் தன் இடுப்பில் செருகி வைத்திருந்தாள். ஆனால் எண்ணிப் பார்த்தால் சில தாள்கள் குறைந்தன. அவை யாருடைய சட்டைப் பைக்குள் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நினைத்தாலே கையைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது. கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

ரிப்போர்ட்டைப் பழையபடி வெட்டிக் காட்டு என்று மாற்றினேன். சாயங்காலம் சென்னியப்பன் கூப்பிட்டார்.

“இன்னைக்கு அடுக்குன வரைக்கும் ஒரு தப்புகூட இல்லீங்க மேடம். படம் நல்லா பளிச்சுன்னு இருந்துதுங்க. எனத்துக்கு மாத்துனீங்க?”

“அதுல இருக்கறது யாருன்னு பாத்தீங்களா சார்?”

“நான் கழுத்துக்கு மேல பாக்கலீங்க” என்றார். அதை ஒரு ஒழுக்கம் போலச் சொன்னார்.

மகுடபதி பக்கத்தில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். படங்களை எடுத்தது அவன்தான் என்று சாம்பிள் ரூம் தையல்காரர் சொன்னார். இனிமேல் இந்த நோட்டில் அவனுக்கு மரியாதை கிடையாது. பழகிப் பார்க்க லேடீஸ் படம் வேண்டாம் என்று சொன்னானே, அது என் சங்கடத்துக்காகவா?

என் மேல் என்ன தப்பு? என்னிடம் காட்டாததை நான் எப்படிப் பார்க்க முடியும்? செட்டிங்கைச் சரிசெய்யச் சொன்னார்கள், செய்தேன். என் மேல் தப்பில்லை.

ஜூன் 13, வியாழன்

துளசிமணி வரவில்லை. ஹாஸ்டலில் உப்புமா. வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன். உப்புமாவில் ஒன்றும் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

அவருடைய வீட்டுக்குப் போனேன். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு. கதவைத் திறந்தது அவர் கணவர் குமரேசன். வேறொரு கம்பெனியில் டெய்லர். அடிக்க வருவாரோ என்று நினைத்தேன். சேர் எடுத்துப் போட்டார்.

“எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க மேடம். என்றகிட்டச் சொல்லிட்டுத்தான் படத்துக்கு நின்னுச்சு. அதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. நேத்து ஃபோனுக்கு அந்தத் தாளைப் படம்புடிச்சு அனுப்பியிருந்தாங்க. அனுப்புனவன் ஆருன்னு பாத்தா, என்ற பெரியப்பன் பையன். கூட ரண்டு சிரிக்கிற பொம்மை வேற.”

துளசிமணி சுவரோடு உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் சாம்பிள் செக்ஷனில் இருந்தாராம், எட்டு வருடத்துக்கு முன்னால். வெளிநாட்டுக்காரர்கள் உடனே உடம்பில் போட்ட படம் கேட்டிருக்கிறார்கள். மாடல் கிடைக்கவில்லை. சாம்பிள் அளவு அவருக்குக் கச்சிதமாக இருந்ததால் மகுடபதி வந்து கெஞ்சியிருக்கிறான். கழுத்துக்குக் கீழே மட்டும்தான், வெளிநாட்டுக்கு மட்டும்தான், இங்கே ஒரு ஈ காக்கை பார்க்காது என்று சாமி படத்தைக் காட்டிச் சொன்னானாம்.

“ஃபோனு மேல தூக்கியிருக்குதேன்னு அப்பவே கேட்டனுங்க. பொறகு வெட்டிக்கலாம்னு சொன்னாரு. கம்ப்யூட்டர்ல பாத்தா தலை இல்லாமத்தான் வந்துச்சு. சரி, வெட்டிட்டாங்கன்னு நெனச்சுட்டேன். நீங்க முழுசா வரும்னு சொன்னதும்தான், வெட்டவே இல்லையோன்னு பட்டுதுங்க.”

ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை ஒரு செட்டிங்கில் வைத்திருந்திருக்கிறார்கள். அதைத்தான் நான் ஒரே சொடுக்கில் மாற்றினேன். அவர் இரண்டு தடவை வந்து கேட்டார். நான் பிரசங்கம் செய்தேன். லேடீஸ் படங்களைக் கொடு என்று நான் கேட்காததற்குக் காரணம் என் கூச்சம். இந்த ஊர்க்காரர்களைப் பார்த்துக் கேலி செய்தேனே, அதே கூச்சம். தப்பு என் மேலும்தான். அவரிடம் சொன்னேன்.

“தெரிஞ்சா செஞ்சீங்க?” என்றார். மன்னித்தாரா என்று தெரியவில்லை.

எல்லாப் படத்திலும் தலையை நிஜமாகவே வெட்டிவிடுகிறேன், ஒரு நாள் வேலைதான் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“தலையை எடுத்துட்டா அது நானில்லைன்னு ஆயிருமுங்களா? இனி வயித்தைப் பாத்தாலும் அது துளசிமணின்னு அல்லாருக்கும் தெரியும். அந்தப் படமே இருக்கக்கூடாதுங்க. அப்பறம், எனக்கு என்ற வேலை வேணும். பதினோரு வருசமா நின்ன எடம். நான் ஏன் போகோணும்?”

குமரேசன் காபி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

ஜூன் 15, சனி

சென்னியப்பனிடம் போய்ப் படங்களை எல்லாம் அழித்துவிட்டு, மேசையில் விரித்துப் புதிதாக எடுக்கலாம் என்றேன்.

“அது சரக்கு வாங்கற பையர் ஒத்துக்கிட்ட படமுங்க மேடம். அழிச்சா கேள்வி வரும். தலையை மட்டும் எடுத்துருங்க, போதும்.”

“துளசிமணி?”

“அந்தம்மா இனி வந்தா நல்லாருக்காதுங்க. ஆம்பளைங்க வேலை செய்யற எடம், ஒரு மாதிரி கிண்டலா நாயம் பேசுவாங்க. கம்பெனி பேருன்னு ஒண்ணு இருக்குதல்லங்க? கணக்கு முடிச்சு மரியாதையா அனுப்பிரலாம்.”

மரியாதையா! படம் இருக்கலாம், படத்திலிருப்பவர் இருக்கக் கூடாது. எடுத்தவன் அதே அறையில் நாற்காலியில் சாய்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான். “படத்தை எடுத்தவரு?” என்று கேட்டேன்.

“அது பழைய கதைங்க மேடம்” என்றார் முதலாளி.

“நான் என்ற வேலையைத்தான் செஞ்சேன்” என்றான் மகுடபதி.

அவன் போட்டிருந்த சென்ட் என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு ஹாஸ்டல் வரைக்கும் வந்தது. துப்பட்டாவை வாளியில் முக்கிவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

துளசிமணி வேலைக்கு வந்துவிட்டார். உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு போயிருந்தது. வாட்ச்மேனோ கேட்டைத் திறந்துவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

துளசிமணி கூடத்துக்குப் போகாமல் நேராக என் மேசைக்கு வந்தார். கையில் பழைய பேக்கிங் லிஸ்ட் ஒன்று. அதன் அடியில் எப்போதும் இரண்டு வரி இருக்கும். பேக் செய்தவர், செக் செய்தவர். தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிவதற்காக. செக் செய்தவர் என்ற இடத்தில் எப்போதும் துளசிமணி.

“இதுல அல்லாரு பேரும் இருக்குது மேடம். அடுக்குனவ பேரு, பாத்தவ பேரு. படம் எடுத்தவங்க பேரு மட்டும் இல்லைங்களே. அது ஒரு வரி போட முடியுமுங்களா?”

நான் அந்தத் தாளை வாங்கினேன்.

“படத்துக்கு நேர் கீழ வரோணும். நல்லாத் தெரியோணும்.”

“படத்தை முழுசா வெக்கட்டுமா?”

“முழுசாவே வைங்க. பாக்க வேண்டியவங்க அல்லாரும் பாத்தாச்சு. இனி எடுத்தவங்க பாக்கட்டும்.”

என் வாழ்க்கையில் இவ்வளவு ஆசையாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை. அட்டவணையில் ஒரு புது இடம். ஃபார்மில் ஒரு வரி, ரிப்போர்ட்டில் ஒரு வரி. படம் எடுத்தவர்: மகுடபதி. லேடீஸ் ஐட்டம் அத்தனைக்கும் நிரப்பினேன். எழுத்தைத் தடிமனாக்கினேன். படத்தை அடக்கிக் காட்டு என்று வைத்தேன். அச்சடிக்கவில்லை. அவன் கம்ப்யூட்டரில் இதே ஃபார்ம்தானே திறக்கும்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. ஓடி வந்தான்.

“என்னங்க மேடம் இது? என்ற பேரெல்லாம் எதுக்குங்க?”

“நீங்கதானே எடுத்தது?”

“அதுக்காவ? இந்த லிஸ்ட்டு அல்லா மேசைக்கும் போகுமுங்க. பையர் ஆபீசுக்கு வேற ஒரு காப்பி போகுது. அவுங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?” குரலைத் தாழ்த்தினான். “நானும் பொட்டப் புள்ளையைப் பெத்தவனுங்க மேடம். படம் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். என்ற பேரை மட்டும் எடுத்துருங்க.”

படம் இருக்கட்டுமாம்! பேரை மட்டும் எடுக்க வேண்டுமாம்! அவன் அதைச் சொன்ன போது துளசிமணி அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தவனுக்கு வாய் மூடவில்லை.

“பேரு இருக்கட்டுமுங்க” என்றார் அவர். “படத்தை வேண்ணா எடுத்துரலாம்.”

சத்தம் கேட்டுச் சென்னியப்பன் வந்தார். திரையைப் பார்த்தார். இந்த முறை கழுத்துக்கு மேலேயும் பார்த்தார், படத்துக்குக் கீழேயும் பார்த்தார். பையர் ஆபீசுக்கு இது எப்போது போகும் என்று கேட்டார். மதியம் பெட்டிகளோடு என்றேன். பையரின் ஆட்கள் வருடா வருடம் வந்து, பெண்களை இங்கே எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர்கள். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

“துளசிமணி, நீ போயி வேலையைப் பாரம்மா. உன்னை ஆரும் போகச் சொல்லலை.”

“போறனுங்க. இதை அழிச்ச பொறகு போறேன்.”

“மேடம் அழிச்சுருவாங்க.”

“மேடம் எடுக்கலீங்களே” என்றார் துளசிமணி.

மகுடபதி என் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் மவுஸை அவன் பக்கம் தள்ளினேன். துளசிமணி பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஸ்டைல் நம்பராகச் சொல்லச் சொல்ல, அவன் ஒவ்வொன்றாக அழித்தான். நம்பர் எதையும் அவர் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாம் மனப்பாடம். நடுவில் ஒன்றைத் தாண்டிவிட்டான். “பின்னாடி போங்க” என்றார். போனான். மெயின் கம்ப்யூட்டரில் இருந்த பழைய காப்பியையும் நான் திறந்து காட்டினேன், அதையும் அழித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேக்கிங் பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முடிந்தது என்று அவன் எழுந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“சித்த இருங்க” என்றார் துளசிமணி. “உங்க ஃபோனு.”

மகுடபதியின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. எட்டு வருடத்தில் எத்தனை ஃபோன் மாற்றியிருப்பான். அந்தப் படங்களை ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு எடுத்து வைத்திருக்கிறான். சென்னியப்பன் அந்தக் கையையே பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் மரியாதை இல்லாததை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

“குடுறா” என்றார்.